ஆல்டோவுக்கு பழைய காம்பினேஷன் சுவிட்ச்: ஜூலை டைரி

ஜூலை 5, சனி, ராத்திரி 11.40

வீடு வந்து சேந்தாச்சு. புனலூர்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டு திரும்பும்போது ஆரியங்காவு தாண்டுன உடனே எதுக்க ஒரு டாரஸ் லாரி, சரி டிம் பண்ணுவோம்னு லிவரைத் தொட்டேன், ரெண்டு ஹெட்லைட்டும் மொத்தமா அவுட்டு. டிம்மும் இல்ல பிரைட்டும் இல்ல, பார்க் லைட்டு மட்டும் அகல் வெளக்கு மாதிரி எரியுது. சாரல் வேற. ஓரங்கட்டி நின்னு முறுக்கிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. கடைசில லிவரை நம்ம பக்கமா இழுத்தா, அதான் பாஸ் லைட்டு குடுப்போமே, அது மட்டும் எரியுது. விட்டா அணைஞ்சிரும்.

அப்புறமென்ன, வலது கை நடுவிரல்ல லிவரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுனேன். எதுக்க வர்றவனுக்குப் பூரா ஹைபீம், ஒவ்வொருத்தனும் ஹார்ன்லயே திட்டிட்டுப் போறான். நேர் ரோட்டுல இது சரி, வளைவுல என்ன ஆகும்னா ஸ்டீரிங் சுத்தும், லிவர் கூட சுத்தாதுல்லா, கை நகந்ததும் விரல் கழண்டு ஒரு நொடி கும்மிருட்டு. கோட்டவாசல்ல கருப்பசாமியக் கும்பிட்டுட்டு, மெதுவா போற ஒரு லாரி பின்னாலயே ஒட்டிக்கிட்டு எஸ் வளைவு இறங்கி, புளியரை வந்தப்பதான் எங்க வீட்டம்மா வாயத் தொறந்தா. "இனிமே பஸ்ஸுலயே போவோம்"னா.

ஜூலை 6, ஞாயிறு

ஒர்க்‌ஷாப் லீவு, நானே தொறந்தேன். ஸ்டீரிங் கீழ இருக்கிற பிளாஸ்டிக் கவர், அடியில இருந்து ஸ்க்ரூ, கழட்டுனதும் ஒரு வாசம் அடிச்சுது பாருங்க, தோசைக்கல்லுல ரப்பர் வச்ச மாதிரி. கப்ளர்ல, அதான் வயரெல்லாம் வந்து சுவிட்ச்ல சொருகுற பிளாஸ்டிக் பிளக்கு, அதுல ஒரு ஓட்டை மட்டும் பழுப்பு நிறமாகி பிளாஸ்டிக் இளகி வழிஞ்சு அப்படியே ஒறைஞ்சு கெடக்கு. தெரியாதவங்களுக்கு: இண்டிகேட்டர், லைட்டு வலது பக்கம், வைப்பர் இடது பக்கம், ரெண்டும் சேந்து நடுவுல வட்டமா ஒரே செட்டா இருக்கிறதுதான் காம்பினேஷன் சுவிட்ச்.

ஏன் எரிஞ்சுதுன்னு பல்பைக் கழட்டிப் பாத்தா 100/90, அதாவது பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90. எனக்கு முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் போட்டது. கம்பெனி கணக்கு 60/55. டிம்ல ரெண்டு பல்புக்கு 110 வாட், 12 வோல்ட்டுல வகுத்தா 9 ஆம்பியர் சொச்சம். 90 வாட் பல்புன்னா 180, அதாவது 15 ஆம்பியர். சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும், அதனால ஒண்ணரை மடங்கு இல்ல, ரெண்டே முக்கால் மடங்குக்குப் பக்கம். அவ்வளவும் நகக்கண்ணு அளவு பித்தளைத் துண்டு வழியாப் போகுது. இத்தனை வருஷம் தாங்குனதே பெருசு.

ஜூலை 8, செவ்வாய்

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிட்ட காட்டுனேன். புதுசு ஆர்டர் போடணும், ரெண்டாயிரம் பக்கத்துல வரும், எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னாரு. 20-ம் தேதி புனலூர்ல அக்கா பேத்திக்கு இருபத்தெட்டு கெட்டு, அதான் கொழந்தை பொறந்த இருபத்தெட்டாம் நாள் விசேஷம், நான் போயே ஆகணும். "அப்போ அங்கயே வண்டி பொளிக்கிற (பழைய வண்டிய உடைச்சு பார்ட்ஸ் விக்கிற) கடையில பாரு, போறதுக்கு முன்னாடி பழைய சுவிட்சக் கழட்டிக் கையில கொண்டு போ, மாடல் பேரச் சொல்லி வாங்காத"ன்னாரு. தங்கமான வார்த்தை. ஒர்க்‌ஷாப்லயே வச்சு கழட்டியாச்சு, அத சனிக்கிழமை எழுதுறேன், ஏன்னா கழட்டுறத விட மாட்டுறதுலதான் கதை இருக்கு.

ஜூலை 10, வியாழன்

கேரளா பஸ்ஸைப் பிடிச்சுப் போனேன். கடைன்னா கடை இல்ல, ரப்பர் தோட்டத்து ஓரமா தகர ஷெட்டு, வெளிய கதவு கதவா அடுக்கி வச்சிருக்காங்க, மழைல எல்லாம் ஊறிக் கெடக்கு. "எந்தா (என்ன) அண்ணாச்சி"ன்னு கடைக்காரச் சேட்டன் கேட்டாரு, தமிழ்நாட்டுக்காரன் எவன் போனாலும் அங்க அண்ணாச்சிதான். பழசை மேசைல வச்சேன். முதல்ல எடுத்துக் குடுத்தது பின் வைப்பர் உள்ள வண்டியோடது, இடது லிவர்ல ஒரு திருகு அதிகம், கப்ளர்ல பின் எண்ணிக்கையும் ஒத்துவரல. ரெண்டாவது ஒத்து வந்துது. கொண்டு போன மல்டிமீட்டர்ல ஒவ்வொரு பொசிஷனா பீப் பாத்தேன், இணைப்பு சரியா இருந்தா சத்தம் குடுக்கும், லைட்டு, டிம்மு, பிரைட்டு, ரெண்டு இண்டிகேட்டரு, வைப்பர் ஸ்லோ ஃபாஸ்ட். சேட்டன் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே "நோக்கிட்டு எடுத்தா மதி" (பாத்துட்டு எடுத்தா போதும்)ன்னு சொல்லிட்டு சாயா குடிக்கப் போயிட்டாரு. 800 சொன்னாரு, 600-க்கு முடிஞ்சுது. கப்ளர் ஓட்டையெல்லாம் வெள்ளையா இருந்ததுதான் எனக்குப் பிடிச்சது, எரிஞ்ச அடையாளமே இல்ல. வயரோட அறுத்த எரியாத கப்ளர் ஒண்ணும் சேத்தே வாங்கிட்டேன், நம்மளது இளகிடுச்சே.

ஜூலை 12, சனி

சரி, கழட்டுன கதை. பேட்டரி நெகட்டிவ் முதல்ல. எங்க வண்டியில ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டின்னா இத வீட்டுல வச்சு நோண்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. டயர் நேரா நிக்கணும். ஹார்ன் மூடிய நெம்பி எடுத்தா நடுவுல நட்டு. அதை முழுசா எடுக்காம நாலு மரை மிச்சம் வச்சுட்டுதான் வீலை ஆட்டி இழுக்கணும், இல்லாட்டி பட்டுன்னு கழண்டு மூஞ்சில வரும்னு அண்ணாச்சி சொன்னாரு. முழங்கால் ரெண்டையும் வீலுக்கு அடியில குடுத்து மாத்தி மாத்தி உந்துனேன், பத்து நிமிஷம் கழிச்சு டொக்குன்னு விட்டுது. ஷாஃப்ட்லயும் வீல்லயும் ஒரே நேருக்கு பெயின்ட் பேனாவுல கோடு போட்டேன்.

இன்னைக்கு மாட்டும்போது அந்தக் கோடு தெரியல. கிரீஸ் கையால நானே தொடச்சிருக்கேன். குத்துமதிப்பா மாட்டி ஒரு ரவுண்டு போனா, வண்டி நேராப் போகுது, வீல் சரிஞ்சு நிக்குது, இடது இண்டிகேட்டர் தானா அணையுது, வலது அணையவே மாட்டேங்குது. மறுபடியும் கழட்டுனேன். வீல் பின்னால ரெண்டு காது நீட்டிக்கிட்டு இருக்கும், அது சுவிட்ச் நடுவுல இருக்கிற வெள்ளை வளையத்துப் பள்ளத்துல உக்காரணும், வளையத்தைக் கையால திருப்பி நேருக்குக் கொண்டு வரணும். நான் அது சும்மா வாஷருன்னு நெனச்சுட்டேன். ஒரு பல்லு தள்ளி மாட்டுனதும் வீலும் நேராச்சு, ரெண்டு பக்கமும் டிக்குன்னு அணைஞ்சுது. பையன் பின் சீட்டுல உக்காந்து "இன்னொரு தடவ போடுப்பா"ன்னு இருபது தடவ போடச் சொன்னான்.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணாச்சி கப்ளரை மாத்தி சால்டர் வச்சு, டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே போட்டுக் குடுத்துட்டாரு. இப்போ சுவிட்ச் வழியா ரிலேயத் தூண்டுற அளவுக்குத்தான் கரண்ட் போகும், கால் ஆம்பியர் கூட வராது, பல்புக்கு வேண்டியது பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா நேரா வரும். பல்பும் 60/55. வெளிச்சம் கொறையும்னு பயந்தேன், கொறையல, வழில வோல்ட்டேஜ் சாகாம வர்றதால இருக்கும்.

ஜூலை 19, சனி

சாயங்காலமே கெளம்பி இருட்டுற நேரத்துல எஸ் வளைவு ஏறுனோம், நல்ல சாரல். ஆரியங்காவுல எதுக்க லாரி வந்தப்ப வீட்டம்மா கதவுக் கைப்பிடியைப் பிடிச்சதைப் பாத்தேன். டிம் பண்ணேன், எரிஞ்சுது. அவனும் டிம் பண்ணான். தென்மலை வரைக்கும் நாலஞ்சு தடவ என் நடுவிரல் தானா லிவரை இழுக்கப் போச்சு, எதுக்க வந்தவங்களுக்குக் காரணமில்லாம பாஸ் லைட்டு போயிருக்கும்.

பழைய சுவிட்ச் ஒர்க்‌ஷாப்லயே கெடக்கு. வைப்பர் பக்கம் நல்லாத்தான இருக்கு, எவனுக்காவது ஆகும்னு அண்ணாச்சி எடுத்து வச்சுக்கிட்டாரு.