மழைக்கு முந்தைய ஷோபியான்

ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கி வண்டியில் ஏறிய ஐந்தாவது நிமிடமே ஓட்டுநர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "இன்றைக்கு இரண்டாம் தேதி. ஐந்தாம் தேதி ராத்திரி மௌசம் கெடப்போகிறது பாய். மலைக்குப் போவதென்றால் அதற்குள் போய் வந்துவிடுங்கள்." நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. அப்படி ஒரு நீலம்.

அடுத்த மூன்று நாளும் எங்கே போனாலும் இதே பேச்சுதான். காலையில் ரொட்டி சுடும் கந்தூர் கடை வரிசையில், தால் ஏரிப் படகுத்துறையில், விடுதிக்காரர் வீட்டு அடுப்படியில், எங்கும் மௌசம். நாம் சொல்லும் மான்சூன் என்ற சொல்லுக்கு மூலம் பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல். இங்கே புழங்கும் மௌசமும் அதே வேரில் வந்ததுதான். ஆனால் அக்டோபரில் காஷ்மீர் பேசும் மௌசத்துக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் பாதியிலேயே வடமேற்கிலிருந்து விலகத் தொடங்கிவிடும். இப்போது வருவது மேற்கத்திய இடையூறு. மத்தியத் தரைக்கடல் பக்கம் உருவாகி, உயரே வீசும் மேலைக்காற்றோடு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயமலையில் வந்து மோதும் மழை இது. எங்கே கிளம்பிவிட்டது, எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடிகிறது. அதனால்தான் இங்கே முன்னறிவிப்பை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

காஷ்மீரிகள் இந்தக் காலத்தை ஹருத் என்கிறார்கள். நம் பெரும்பொழுது போலவே அவர்களுக்கும் ஆண்டுக்கு ஆறு பருவம். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை ஹருத். நான் போனது அதன் முதல் பாதியில். சினார் மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன், ஆனால் நசீம் பாக்கில் ஆளுயரத்துக்கு மேல் அடிமரம் பெருத்த சினார்கள் இன்னும் பச்சையாகவே இருந்தன. அங்கங்கே இலை ஓரத்தில் மட்டும் மஞ்சள். அவை முழுசாய் நிறம் மாற அக்டோபர் கடைசி ஆகிவிடும். முதலில் மஞ்சளாவது பாப்லரும் வாதுமையும்தான். பகலில் 24, 25 டிகிரி, அரைக்கைச் சட்டை போதும். விடிகாலையில் 10-க்குக் கீழே இறங்கி ஏரியின் மேல் ஆவி நிற்கும். இத்தனை வித்தியாசத்தை ஒரே நாளில் நான் அனுபவித்ததில்லை.

மூன்றாம் நாள் ஷோபியானுக்குப் போனேன். ஸ்ரீநகரிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். வழியில் பாம்போர். சாலையின் இரு பக்கமும் மேட்டுநிலம், மண் மட்டும்தான் தெரிகிறது. பார்க்கிறவர்கள் தரிசு என்றே நினைப்பார்கள். அதற்குள்தான் குங்குமப்பூக் கிழங்குகள் இருக்கின்றன. அக்டோபர் கடைசியில் ஊதாப் பூ எழும்பும், இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வரப்போகும் மழையை இந்தப் பக்கத்து விவசாயிகள் சந்தோஷமாக எதிர்பார்த்திருந்தார்கள். பூ வருவதற்கு முன் மண்ணில் ஈரம் வேண்டுமே. முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அதே மழையை நினைத்து ஒரு ஊரே தூங்காமல் இருந்தது.

ஊர்களுக்குள் நுழைந்தால் வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு மிளகாய்ச் சரங்கள். தகரக் கூரைமேல் கத்தரிக்காயையும் தக்காளியையும் பிளந்து காய வைத்திருக்கிறார்கள், சுரைக்காயைச் சுருள் சுருளாகச் சீவிக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதற்கு ஹோக் ஸ்யுன் என்று பெயர். குளிர்காலத்தில் பனி மூடியபின் சமைக்க. கத்தரி வற்றல் போடும் வீட்டில் வளர்ந்தவன் நான், அதனால் அந்த வாசனை எனக்குப் புதிதாக இல்லை. ஒரு பாட்டி கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். மழைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது.

விடுதிக்காரரின் உறவினர் ஒருவருக்கு ஷோபியானில் ஆப்பிள் தோட்டம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாச்சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டேன், அவர் என்னை பேட்டா, மகனே என்றார். வாசலிலேயே உட்காரவைத்து நூன் சாய் ஊற்றித் தந்தார்கள், உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். குடித்து முடிக்கும்முன் சாச்சா ஏணியில் இருந்தார்.

தோட்டத்தில் பதினைந்து பேர். ஒவ்வொரு பழத்தையும் காம்பு பிய்யாமல் மேல்நோக்கித் திருப்பிப் பறிக்கிறார்கள். கூடையிலிருந்து தரையில் விரித்த வைக்கோல்மேல் கொட்டாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள். ஓரத்தில் நாலு பெண்கள் அளவு பார்த்து, நிறம் பார்த்துப் பிரிக்க, மரப்பெட்டி அடிப்பவர் ஆணி வாயில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருக்கிறார். எனக்கும் ஒரு கூடை கொடுத்தார்கள். மாலைவரை பறித்தேன்.

அந்த மாலையில்தான் சாச்சா தன் கஷ்டத்தைச் சொன்னார். ஆப்பிள் சிவப்பது பகல் வெயிலாலும் ராக் குளிராலும். இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் தோலில் அந்தச் சிவப்பு ஏறும். இப்போது இருக்கும் பழம் முக்கால் சிவப்பு. இன்னும் பத்து நாள் மரத்தில் விட்டால் முழுச் சிவப்பு, மண்டியில் விலையே வேறு. ஆனால் நடுவில் மழையும் காற்றும் வருகிறது, கூட ஆலங்கட்டி விழுந்தால் ஒரு தழும்பு போதும், பழம் கடைசித் தரத்துக்குப் போய்விடும். நனைந்த பழத்தைப் பெட்டியில் அடைக்கவும் முடியாது, தில்லி போய்ச் சேர்வதற்குள் அழுகும். பறித்தால் நிறம் போச்சு, விட்டால் பழமே போகலாம். "ஒரு வருஷ உழைப்பு பேட்டா, மூன்று நாளில் முடிவு பண்ணச் சொல்கிறது வானம்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் வீடு கம்பம் பள்ளத்தாக்கில். அப்பா பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். கொத்து முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துவிடும். அறுப்பதா, இன்னும் இனிப்பு ஏறட்டும் என்று விடுவதா என்று அவர் ராத்திரி பந்தலடியில் நின்று வானத்தைப் பார்த்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சாச்சாவிடம் அதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்களுக்கு மழையைவிடப் பெரிய பயம் பனி. 2018-லும் 2019-லும் நவம்பர் முதல் வாரத்திலேயே பனி கொட்டியது. மரங்கள் இலை உதிர்த்திருக்கவில்லை. ஈரப்பனி இலைகளில் ஒட்டிக்கொண்டு பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்தன, சில மரங்கள் நடுவாகப் பிளந்தன. காய்க்கும் மரம் ஒன்றை மறுபடி வளர்த்தெடுக்கப் பல வருஷம் ஆகும். அந்தத் தழும்புகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டிய மரங்கள் அந்தத் தோட்டத்தில் இன்னும் நிற்கின்றன, காய்த்துக்கொண்டு.

கடைசியில் சாச்சா எடுத்த முடிவு: கீழ்த் தோட்டம் முழுக்கப் பறித்துவிடுவது. மேட்டில் இருக்கும் எட்டு மரத்தை மட்டும் அல்லாவின் மேல் பாரத்தைப் போட்டு விடுவது.

ஐந்தாம் தேதி ராத்திரி, சொன்னபடியே வந்தது. முதலில் காற்று, பாப்லர் மரங்கள் வளைந்து நிமிரும் சத்தம், அப்புறம் கூரைத் தகரத்தில் மழை. விடிந்தும் நிற்கவில்லை. பகலில் வெப்பம் 13 டிகிரியைத் தாண்டவில்லை. முந்தாநாள் அரைக்கைச் சட்டையோடு திரிந்த ஊரில் எல்லாரும் பெரன் என்ற நீளமான, தளர்ந்த கம்பளி அங்கியை அணிந்திருந்தார்கள். விடுதிக்காரர் எனக்கும் ஒரு பெரன் தந்து, அதற்குள் காங்கிரியை, கனல் நிரப்பிய பிரம்புக்கூடைச் சட்டியை, எப்படிப் பிடித்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தார். அவருடைய அம்மா மட்டும் அடிக்கடி ஜன்னலுக்குப் போய் ஜீலம் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 2014 செப்டம்பரில் இப்படி நிற்காமல் பெய்த மழையில்தான் ஆறு உடைத்துக்கொண்டு ஸ்ரீநகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. அவர்கள் குடும்பம் மாடியில் நாலு நாள் இருந்ததாம். இந்தத் தடவை ஆறு கரைக்குள்ளேயே இருந்தது. உயரமான இடங்களில் மழை பனியாக விழுந்ததும், ஷோபியானிலிருந்து பூஞ்ச் போகும் முகல் சாலையை மூடிவிட்டார்கள். அந்த வழியில் சுமார் 3,490 மீட்டர் உயரத்தில் பீர் கி கலி கணவாய் இருக்கிறது. பனி விழுந்தால் சீக்கிரமே அடைபடும் கணவாய்களில் அதுவும் ஒன்று. நான் போவதாக இருந்த இடமும் அதுதான்.

இன்று எட்டாம் தேதி. காலையில் திரையை விலக்கினால் பீர் பஞ்சால் மலைத்தொடரின் மேல்பாதி முழுக்க வெள்ளை. கோடு கிழித்தாற்போல் ஒரு மட்டத்தில் பனி நிற்கிறது, அதற்குக் கீழே பச்சை. நாலு நாளைக்கு முன் இதே ஜன்னலில் பார்த்தது வெறும் சாம்பல் பாறை.

இனி ஒரு வாரத்துக்கு வறண்ட வானிலை என்கிறார்கள். மேகம் இல்லாததால் பகலில் வெயில் இருக்கும், ராத்திரியில் சூடு நிற்காமல் போய் இன்னும் குளிரும். இந்த வாரங்களில் வருகிறவர்கள் காலை, மாலைக்குக் கனமான துணி எடுத்து வாருங்கள். சோன்மார்க் பக்கமோ கணவாய்களுக்கோ போவதானால், கிளம்பும் அன்று காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஜம்முவிலிருந்து தரைவழியாக வருகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்குப் பின் ராம்பன் பக்கத்தில் மண் சரியும். சினார் சிவப்புதான் வேண்டும் என்றால் மாதக் கடைசிக்குப் பயணச்சீட்டு எடுங்கள். ஆப்பிளுக்கு வேண்டிய அதே வெயிலும் குளிரும்தான் இலைக்கும் வேண்டும், அது இப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கிறது.

மாலையில் சாச்சாவின் மகன் ஒரு படம் அனுப்பினான். மேட்டுத் தோட்டத்து எட்டு மரம். புல்லில் கொஞ்சம் பழம் உதிர்ந்து கிடக்கிறது, மிச்சம் கிளையில் ஈரத்தோடு இருக்கிறது. ஆலங்கட்டி விழவில்லையாம். பதினைந்தாம் தேதி பறிக்கலாம் என்று அப்பா சொல்கிறார், நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டிருந்தான். ஊருக்குத் திரும்பும் தேதியை மாற்றிவிட்டேன்.