மாமா வீட்டுப் பாறை

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னால் பொத்தை என்கிற சிறு குன்றின் சரிவில், மாட்டுத் தொழுவத்துக்கு நேர் மேலே ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. "எங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான் நிக்குது மருமவனே" என்றார். சரி, ஆனால் தாத்தா காலத்தில் பாறைக்குப் பின்னால் உள்ள விரிசலுக்குள் ஆலமரம் இல்லையே! இப்போது வேர் கட்டைவிரல் தடிமனில் இறங்கியிருக்கிறது. நமக்கோ வருஷத்துக்கு இரண்டு பருவமழை. விரிசலில் தேங்கும் தண்ணீர் பாறையை வெளியே தள்ளும், வேர் ஆப்பு மாதிரி அகட்டும்.

மாமா உடனே வெட்டுகத்தியை எடுத்துவிட்டார். வேர் மட்கினால் அந்தச் சந்தில் தண்ணீர் இன்னும் நன்றாக இறங்கும் என்று தடுத்தேன். அத்தையின் நெயில் பாலிஷால் விரிசலின் இரு கரையிலும் ஒரு புள்ளி வைத்து அளந்தோம்: 42 மில்லிமீட்டர். மழை விட்டதும் மறுபடி அளக்க வேண்டும். 10 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் கல்லுக்கே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். தொழுவத்து ஓடு எம்மாத்திரம்?

பாறையைப் பிடித்து நிறுத்தக் கம்பி வலையா, துளையிட்டு இறக்கும் போல்ட்டா என்பதை விவரம் தெரிந்தவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். பசுவை மட்டும் அன்றைக்கே முன்பக்கம் மாற்றிக் கட்டினோம். இப்போது அது அத்தையின் செம்பருத்தியைத் தின்றுகொண்டிருக்கிறதாம், ஏச்சு எனக்கு!