குளம் வற்றிய வருஷம், மண்ணுக்கு அலைந்த கதை

2017 மே மாதம். குளத்துக்குள் செருப்புக் காலோடு நடந்து போனோம். பிறந்ததிலிருந்து தண்ணீராகவே பார்த்த இடம். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அப்பா நடுவில் நின்று மேல் பொருக்கைக் காலால் தட்டி உடைத்தார். கீழிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்து, திரி மாதிரி உருட்டிச் சுண்டுவிரலில் சுற்றினார். திரி வெடிக்கவில்லை.

"ஒண்ணாந்தரம் மக்ளே" என்றார்.

அந்த மண்ணை எடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று அரசாணையே இருந்தது. ஆனாலும் அது வீடு வந்து சேர என்ன பாடுபட்டோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மண்பானை என்றால் எல்லாரும் சுங்கான்கடையைச் சொல்வார்கள். எங்கள் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி. பெயர் வேண்டாம், கதையில் வரும் அலுவலகங்களின் பெயரும் வேண்டாம். ஊரில் அப்போது சக்கரம் சுற்றிய வீடுகள் நான்கு. எங்கள் வீட்டில் அப்பா வனைவார், அம்மா தட்டுப்பலகையும் கல்லும் வைத்து அடி தட்டுவாள். நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதனால் காகிதம் தூக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதில் குமரியும் இருந்ததைக் கேட்டு வெளியூர்த் தோழி ஒருத்தி சிரித்தாள். "உங்க ஊர்லயா? ரெண்டு மழையும் உங்களுக்குத்தானே!" உண்மைதான், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தண்ணீரையே 'வெள்ளம்' என்று சொல்கிற ஊர் இது. 'குடிக்க வெள்ளம் இல்ல' என்று எங்கள் அம்மா சொன்னால் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் நீர்மட்டம் இறங்கினால், வாய்க்காலின் கடைவரம்பில் இருப்பவனுக்கு எத்தனை பருவமழை இருந்தும் பயனில்லை. எங்கள் பக்கத்துக் குளங்கள் வாய்க்கால் தண்ணீரை நம்பித்தான் கிடக்கின்றன.

குயவனுக்கு வறட்சி நல்லதுதானே, பானை வெயிலில் சீக்கிரம் காயுமே என்று நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான். முதலில் அடி விழுந்தது வைக்கோலில். சூளையில் பானைகளை அடுக்கி, கதம்பையும் (தேங்காய் மட்டை) கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) செருகி, மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசித்தான் தீ வைப்போம். அந்த வருஷம் கும்பப்பூவில், அதாவது இரண்டாம் போக நெல்லில், எங்களுக்கு வைக்கோல் தரும் மாமாவின் வயலில் கதிரே வரவில்லை. பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்று அரசு சொன்னது. வயல் உள்ளவருக்கு அது. அந்த வயலின் வைக்கோலை நம்பியவருக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அடுத்தது கலயம். அக்கானி (பதநீர்) இறக்கும் பனையேறிகள் தை, மாசியில் வந்து கலயம் வாங்குவார்கள். அந்த வருஷம் மூன்றில் ஒருவர்தான் வந்தார். பாளை சீவினாலும் சொட்டவில்லை என்றார். அப்புறம் தண்ணீர். காய்ந்த களிமண்ணை உடைத்து ஊறப் போட்டு மிதிக்க, குடம் குடமாக வேண்டும். எங்கள் கிணற்றில் வாளி அடிக்கல்லில் முட்டும் சத்தம் மார்ச்சிலேயே கேட்டது. அம்மா அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்குக் காட்டாமல் மண்ணில் ஊற்றினாள். மாடு அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பானை காயாது, சூளை எரியாது என்பதால் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் உண்டு. மழை பெய்தால் எங்களுக்குக் காசு. மழை பெய்யாவிட்டால் என்ன செய்வோம் என்று யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு நல்லது நடந்தது. குளம் வற்றியது. குளம் வற்றினால்தான் மண். மற்ற வருஷங்களில் கும்பப்பூ அறுப்பு முடிந்து இடவப்பாதி தொடங்குவதற்குள் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். அதிலும் குளத்து ஓரம்தான் காயும். அந்த வருஷம் நடுக்குளமே திறந்து கிடந்தது. ஏப்ரல் கடைசியில் அரசாணையும் வந்தது. குளங்களில் வண்டலை இலவசமாக எடுக்கலாம், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60. செய்தித்தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "கன மீட்டர்னா எத்தன வண்டி?" என்று கேட்டார். டிராக்டர்காரர்கள் யூனிட் கணக்குதான் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 60 கன மீட்டருக்கு 21 யூனிட் வரும். அப்பா விரலை மடக்கி எண்ணிவிட்டு, "ஆறு வருசத்துக்குக் காணும்" என்றார்.

முதல் முடிச்சு, எந்தக் குளம் என்பது. அனுமதித்த குளங்களின் பட்டியலில் எங்கள் ஊர்க் குளம் இல்லை. விண்ணப்பிப்பவர் குளம் இருக்கும் வருவாய்க் கிராமத்திலோ அதை ஒட்டிய கிராமத்திலோ இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த கிராமத்துக் குளம் பட்டியலில் இருந்தது. அதில்தான் அப்பா மண்ணைப் பிசைந்து பார்த்தார்.

இரண்டாவது முடிச்சு, நாங்கள் குயவர்கள்தான் என்று நிரூபிப்பது. வில்லேஜ் ஆபீசில் சான்று கேட்டோம். அப்பாவின் மண்பாண்டத் தொழிலாளர் நலவாரிய அட்டை புதுப்பிக்காமல் கிடந்தது. "இது காலாவதி ஆயிட்டே பாட்டா" என்றார் அங்கிருந்தவர். அப்பா கையை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் மண். "இது காலாவதி ஆவலியே சார்." அவர் சிரித்தார், ஆனால் சான்று தரவில்லை. அட்டையைப் புதுப்பிக்க ஐந்து நாள் போனது. சக்கரம், சூளை, அடுக்கிய பானைகள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அட்டையோடு கொண்டுபோனேன். சான்று கிடைத்தது. உண்மையைச் சொன்னால், வேலையைச் செய்தவை அந்தப் படங்கள்தான்.

மூன்றாவதுதான் தலைவலி. கையில் தந்த படிவம் விவசாயிக்காக அடித்தது. நிலத்தின் சர்வே எண், பட்டா எண், எத்தனை ஏக்கர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எங்களுக்கு இருப்பது வீடும் சூளைத் திட்டும். கோடு போட்டுவிட்டுக் கொடுத்தேன். முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வந்தது. வீட்டு நத்தம் எண்ணை எழுதிக் கொடுத்தேன். நத்தத்தில் என்ன விவசாயம் என்று கேட்டுத் திரும்பியது. ஒரு மேசையில், குளம் யார் பொறுப்பு என்று முதலில் விசாரியுங்கள் என்றார்கள். அங்கே போனால் அனுமதி தரும் இடம் இது இல்லை என்றார்கள். மே 12 வரை இதே பாடு. பேருந்துக் காசுக்கு அம்மா மீன்சட்டிகளை விலை குறைத்து விற்றாள்.

இந்த நாட்களில்தான் ஒருவர் பைக்கில் வந்தார். லாரி வைத்திருப்பவர். "அண்ணாச்சி, உங்க பேர்ல பெர்மிட் நான் ஒரே நாள்ல வாங்கித் தாறேன். மண்ண நாங்க அள்ளிக்கிடுதோம். ஒமக்குப் பத்தாயிரம்." செங்கல் சூளைக்கு. அப்பா யோசித்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மாதம் வீட்டில் பத்தாயிரம் என்பது பெரிய தொகை. கடைசியில், "எனக்கு மண்ணுல்லா வேணும்" என்று சொல்லி அனுப்பினார். குளத்துப் பாசனக்காரர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்ததற்குக் காரணமும் இப்படிப்பட்ட ஆட்கள்தான். குயவன் பெயரில் செங்கல்காரன் குளத்தைக் குடைந்துவிட்டால் மடைக்குக் கீழே வயல் வைத்திருப்பவன் என்ன செய்வான்? அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்பாவே நேரில் போய், மடையை ஒட்டியும் கரையை ஒட்டியும் கைவைக்க மாட்டோம் என்று பேசிவிட்டு வந்தார்.

மே 15, திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரே பக்கத்தில் மனு எழுதினேன். அரசாணையில் மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்று இருக்கிறது, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, எங்களுக்கு நிலம் இல்லை, தொழில் உண்டு, சான்று இணைத்திருக்கிறேன். அவ்வளவுதான். வறட்சியைப் பற்றியும் குடும்பக் கஷ்டத்தைப் பற்றியும் முதலில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வரிசையில் நிற்கும்போது எனக்கே அது நீளமாகத் தோன்றியதால் கிழித்துவிட்டேன். மனுவுக்கு எண் போட்ட ரசீது கொடுத்தார்கள். அதன் பிறகு எந்த மேசைக்குப் போனாலும் அந்த எண்ணைச் சொன்னதும் உட்காரச் சொன்னார்கள்.

மே 30-ம் தேதி கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தி. ஊரே சந்தோஷப்பட்டது. முதல் போகமான கன்னிப்பூ நட இருந்த மாமா எங்கள் வீட்டுக்கே வந்து மிட்டாய் கொடுத்தார். அப்பா மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மேற்கே வானத்தைப் பார்த்தபடி இருந்தார். எங்கள் பெர்மிட் இன்னும் வரவில்லை.

ஜூன் 1 மாலை வந்தது. 2-ம் தேதி விடியற்காலை டிராக்டர் குளத்தில் இறங்கியது. மண் இலவசம், வண்டியும் ஆள்கூலியும் நம்முடையது. மேல் பொருக்கில் புல்வேர், பிளாஸ்டிக், சிப்பி எல்லாம் கிடக்கும், அதைத் தள்ளிவிட்டு அடுத்த அடுக்கை வெட்ட வேண்டும். அப்பா ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் ஏற்றவிட்டார். "சீக்கிரம் ஆகட்டும் அண்ணாச்சி" என்று டிரைவர் கத்தியும் பயனில்லை. ஒன்பது லோடு, அதாவது ஒன்பது யூனிட் சேர்ந்தது. 5-ம் தேதி இரவு மழை. மறுநாள் டிராக்டர் சக்கரம் அச்சு வரை புதைந்தது. வெளியே இழுக்கவே அரை நாள் ஆனது. மீதி 12 யூனிட் காகிதத்தில் நின்றது.

இப்போது இந்த வழி எளிது. 2024-லிருந்து தாலுகா ஆபீசிலேயே அனுமதி, இணையத்தில் விண்ணப்பம், குளம் அதே வட்டத்தில் இருந்தால் போதும். தொழில் செய்பவர்கள் நலவாரிய அட்டையை மட்டும் காலாவதி ஆகவிடாதீர்கள். விண்ணப்பத்தை மாசியிலேயே போட்டுவிடுங்கள், குளம் வற்றட்டும் என்று காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும்.

அந்த ஒன்பது லோடை இரண்டு வருஷம் இழுத்தோம். அதே 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. அது போட்ட போடு தனிக்கதை. வெயில் அடித்த பிறகு அப்பாவும் அம்மாவும் நானும் அந்தக் குளத்தங்கரை வழியாக வந்தோம். கரை வரை தண்ணீர். அப்பா நின்று நடுக்குளத்தைக் கை காட்டினார்.

"நம்ம பன்னிரண்டு லோடு அங்கதான் கெடக்கு. இன்னொரு தடவ வத்தட்டும்..."

"வாயக் கழுவும்" என்றாள் அம்மா. "வைக்கோலுக்கு எங்க போவீரு?"