அட்டை தொலைந்த இம்ப்ளாண்ட்

தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. இடது பக்கம் சாய்ந்து படுக்க இன்னும் பயம்தான். ஆனால் ஒன்றரை வருடமாக நெஞ்சில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்த இறுக்கம் போய்விட்டது. மார்பில் வைத்த பழைய இம்ப்ளாண்ட்டை (சிலிகான் பை) எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் இதே அறுவைக்குக் காத்திருக்கும் அக்கா தங்கைகள் யாராவது படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் படுத்தியது கத்தி இல்லை, இம்ப்ளாண்ட்டின் ரகமும் அளவும் எழுதிய ஒரு சின்ன அட்டை.

2014-ல் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது மார்பை எடுத்து, அதே மேசையில் இம்ப்ளாண்ட்டும் வைத்தார்கள். எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. (கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இறுக்கம் வரும் வாய்ப்பு கூடுதல். டாக்டர் உங்கள் முதுகு, வயிற்றுச் சதையை வைத்துச் சரிசெய்வதைப் பற்றிப் பேசினால் தட்டிக்கழிக்காமல் கேளுங்கள்.) உள்ளே எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். அந்த உறை சுருங்கினால்தான் வம்பு. பேக்கர் என்ற அளவுகோலில் அதற்கு நான்கு படி. எனக்கு மூன்றாவது: தொட்டால் கல், பார்த்தால் மேலே ஏறிய உருண்டை.

சுங்கை சிப்புட் கிளினிக்கில் கடிதம் வாங்கியது, ஈப்போவில் தேதி கிடைத்தது, ஸ்கேன் எடுத்தது எல்லாம் சுமுகமாகவே போயிற்று. முதல் சந்திப்பில் டாக்டர் கேட்டார்: “புவான், பழையது என்ன ரகம்? எத்தனை சிசி? மேற்பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா?”

“300” என்றேன் (சிசி என்றால் மில்லிதான்), பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த தைரியத்தில். “கார்டு இருக்கா?”

கார்டு இருந்தது. டேனிஷ் பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரங்களோடு. தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்த டின்னில் ஊசி நூல் போட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் கார்டை யாரும் பார்க்கவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நானும் நினைத்தேன். 2019 ஜூலையில் ஒரு நிறுவனத்தின் சொரசொரப்பு ரகங்கள் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. இம்ப்ளாண்ட்டைச் சுற்றி அபூர்வமாக வரும் ஒரு லிம்ஃபோமாவோடு அவற்றுக்குத் தொடர்பு தெரியவந்ததுதான் காரணம். அது மார்புப் புற்றுநோய் அல்ல, நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த புற்றுநோய். அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் வருடங்கள் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் சும்மா இருக்கக் கூடாது. உள்ளே என்ன ரகம் என்பதை ஸ்கேன் சொல்லாது, காகிதம்தான் சொல்லும்.

சரி, இடிஎஸ் ரயில் பிடித்து கோலாலம்பூர் போனேன். பதிவேட்டு முகப்பில் இருந்த பெண் கணினியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கார்டு நோயாளியிடம்தான் இருக்கும் புவான். எங்களிடம் இருக்காது.” பழைய டாக்டர் எங்கே? போய்விட்டார். கோப்பு? கிடங்கில். மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டுமானால் படிவம் நிரப்புங்கள், 150 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வாரம். கட்டினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடி போய் வாங்கினேன். ஒரே ஒரு பக்கம். அதில் இருந்தது “சிலிகான் இம்ப்ளாண்ட் பொருத்தப்பட்டது” என்ற வரி. அது எனக்குத் தெரியாதா? பத்து வருடமாகச் சுமப்பவள் நான்தானே!

காப்பாற்றியது ஈப்போவில் கட்டு மாற்றும் அறையில் இருந்த ஒரு மிஸ்ஸி (நர்ஸ்). “ரிப்போர்ட் கேட்காதீங்க அக்கா. அறுவை அன்னிக்கு எழுதின ஆபரேஷன் குறிப்பு கேளுங்க. இம்ப்ளாண்ட் பெட்டியில இருக்கிற ஸ்டிக்கரை அதுல ஒட்டியிருப்பாங்க.” இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போன் போட்டு அதே வார்த்தையைச் சொன்னேன். நான்கு நாளில் மின்னஞ்சலில் வந்துவிட்டது. கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர்: 255 சிசி, அகலம் 12 சென்டிமீட்டர், துளி வடிவம், சொரசொரப்பு. திரும்பப் பெறப்பட்ட ரகம் இல்லை. அந்த 300-ஐ எங்கிருந்து பிடித்தேனோ!

அளவு விஷயத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. வலது மார்பு எத்தனை மில்லி என்று பார்க்க, பெரிய மங்கு ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, தட்டில் வைத்து, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் குனிந்தேன். வழிந்ததை அளவுக் குவளையில் ஊற்றினால் 410. அப்படியானால் 410 சிசி வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். டாக்டர் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. முதலில் நெஞ்சின் அகலம், அப்புறம்தான் சிசி என்றார். கவராயம் போன்ற கருவியால் அளந்தார்: 12.5 சென்டிமீட்டர். அதைத் தாண்டிய இம்ப்ளாண்ட் அக்குளுக்குள் போய் இடிக்கும். தோலோ மெல்லியது, அதிக எடை தாங்காது, ஓரத்தில் சுருக்கம் தெரியும்.

அகலம் முடிவானால் மிச்சம் இருப்பது எவ்வளவு முன்னால் வரவேண்டும் என்பதுதான். ஒரே கரண்டி மாவைத் தோசையாகப் பரப்பலாம், இட்லியாகவும் ஊற்றலாம் இல்லையா? அதுபோல 320 சிசியிலேயே தட்டையானதும் உண்டு, எழும்பியதும் உண்டு. “எத்தனை சிசி” என்று மட்டும் பேசிக்கொண்டு போகாதீர்கள்.

வடிவத்தில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். துளி வடிவம்தான் இயற்கையாக இருக்கும், அதுவே வேண்டும் என்றேன். துளி உள்ளே சுழன்றால் மார்பு கோணலாகிவிடும். சுழலாமல் சதை பிடித்துக்கொள்ளத்தான் அதற்குச் சொரசொரப்பு. வழுவழுப்பான உருண்டை எப்படிச் சுற்றினாலும் உருண்டைதான், அதோடு நிற்கும்போது உள்ளிருக்கும் ஜெல் கொஞ்சம் கீழே இறங்கும் என்று டாக்டர் மாதிரியைக் கையில் நிமிர்த்திக் காட்டினார். துளியின் மேல் இருந்த ஆசை அந்த நிமிடமே போனது என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துத்தான் வழுவழுப்பான உருண்டைக்குத் தலையாட்டினேன்.

இன்னொரு சிக்கல் வலது பக்கம். பத்து வருடத்தில் எட்டு கிலோ ஏறியிருக்கிறேன். இடது அப்படியே குமரியாக நின்றுவிட்டது, வலது என் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வலதைத் தூக்கித் தைத்துச் சமமாக்கலாம் என்றார்கள். நல்லா இருக்கிற மார்பில் கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரா போட்டால் சமம், கழற்றினால் இல்லை. எனக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்: அறுவை நாளன்று மேலும் கீழும் ஓர் அளவு கையிருப்பில் இருக்குமா என்று. பழைய உறையை எடுத்த பிறகு இடம் மாறிவிடுகிறது. எனக்கு 295, 320, 345 மூன்றும் வந்திருந்தன. மயக்கத்திலேயே மேசையை நிமிர்த்தி உட்காரவைத்து, மாதிரி அளவுகளை வைத்துப் பார்த்து, 320 என்று முடிவு செய்தார்களாம். எடுத்த பழையதன் பின்புறத்தில் எண் பொறித்திருந்ததாகவும், ஸ்டிக்கரோடு அது ஒத்துப்போனதாகவும் டாக்டர் சொன்னார். வடிகுழாயோடு ஐந்து நாள் படுத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அலுப்புதான்.

புதிய கார்டைப் போனில் படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்பியாயிற்று. நகல் ஒன்று அலமாரிக் கதவின் உட்புறம், இன்னொன்று அம்மாவிடம். அம்மா அதைச் சாமி மேடைக்கு அடியில் பத்திரமாக வைத்து, குங்குமமும் இட்டுவிட்டார். சீரியல் எண்ணின் கடைசி இலக்கம் இப்போது தெரியவில்லை.