மோரும் அடர்த்தியும்

அக்கா மகளுக்கு ஐந்து வயது. ஒரே அளவு மோரை அகலமான டவராவிலும் ஒல்லி டம்ளரிலும் ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டேன். டம்ளரில்தானாம், உயரமா இருக்காம். கண்ணெதிரே திருப்பி ஊற்றிக் காட்டியும் மசியவில்லை.

அளவு மாறாது என்பது சுமார் 7 வயதில் பிடிபடும் என்றார் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே. கண்ணில் படாததை வைத்து யோசிப்பது 11, 12-க்கு மேல்தான் தொடங்கும், அதுவும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இல்லை.

நான் எட்டாம் வகுப்புக்கு அடர்த்தி நடத்துகிறேன். நிறை, பருமன் (பொருள் அடைக்கும் இடம்) இரண்டையும் சேர்த்து மனதில் பிடித்து, நிறையைப் பருமனால் வகுக்க வேண்டும். "கனமானது மூழ்கும்" என்று எழுதியவனைப் போன வாரம் திட்டித் தொலைத்தேன். சரி, நாளைக்கு ஒரு ஆணி, ஒரு பெரிய மரக்கட்டை, ஒரு வாளித் தண்ணீர். சூத்திரமெல்லாம் அப்புறம்.