அம்மாவின் நட்சத்திரம்

அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: "சித்திரை நட்சத்திரம், கன்னி ராசி." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுவரும் வரி அது. அவளுக்கு 68 வயதாகிறது. அந்த நட்சத்திரம் வானத்தில் எது என்று யாரும் அவளுக்குக் காட்டியதில்லை, நானும்தான். 2024 சித்ரா பௌர்ணமிக்கு அவளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனது அதற்காகவே.

ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. திருநெல்வேலியிலிருந்து ரயில். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் காற்றின் வாசமே மாறிவிடும். அந்த இடத்தில் அம்மா எப்போதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவாள். நாகர்கோவிலில் இறங்கி, வழியில் ஆளுக்கு ஒரு டம்ளர் அக்கானி குடித்தோம் (நாம் பதநீர் என்போமே, அதுதான் இந்தப் பக்கம் அக்கானி). அப்புறம் வடசேரியில் கன்னியாகுமரி பஸ் ஏறினோம்.

நாலு மணிக்குப் பகவதி அம்மன் கோயில் நடை திறந்தது. சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். விளக்கொளியில் அம்மனின் மூக்குத்தி மினுங்கியது. அந்த மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் கரைதட்டின என்ற கதையை, முதல் தடவை சொல்வது போல அம்மா எனக்குச் சொன்னாள். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். அதே வரி. எனக்கு மட்டும் அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது.

கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே முழுநிலா எழும் என்பதால், சித்ரா பௌர்ணமிக்கு இங்கே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அன்றைக்குக் கணக்குப்படி நிலா சற்று முந்திக்கொண்டது. ஆனால் கிழக்கே கடல்மட்டத்தில் மூட்டம் இருந்ததால், சூரியன் மேற்கே மங்கலாகிக்கொண்டிருந்தபோதுதான், பழுத்த மட்டிப்பழ நிறத்தில் அது தலைகாட்டியது. கூட்டம் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அலைச் சத்தமே அமுங்கிப்போனது. எல்லாரும் படம் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

நாங்கள் கிளம்பவில்லை. ஏழே கால் இருக்கும், வானம் கருநீலமானது. "கையை நல்லா நீட்டும்மா. மூணு விரலைச் சேத்து நிலாவுக்கு மேலே வையி. விரல் முடியுற இடத்துல என்ன இருக்கு?"

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நிலா வெளிச்சத்தில் மற்ற மீன்களெல்லாம் மறைந்திருக்க, அந்த இடத்தில் ஒன்று மட்டும், நீலம் பாய்ந்த வெள்ளையில், சின்னதாக, கூர்மையாக நின்றது.

"மூக்குத்தி மாதிரி இருக்கு."

"அதுதாம்மா சித்திரை."

அவள் பேசவில்லை. சற்று நேரம் கழித்துக் கைகூப்பினாள்.

சித்திரைக்கு அடையாளமாகப் பழைய ஜோதிட மரபு சொல்வதும் ஒளிரும் மணியைத்தான். மேற்கத்திய வானியலில் இதற்கு ஸ்பைகா என்று பெயர்; அங்கும் இது கன்னி மண்டலத்தின் மிகப் பிரகாசமான விண்மீன். முழுநிலா இதன் பக்கம் வரும் மாதம் என்பதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர். சிலப்பதிகாரத்தில் புகாரின் இந்திர விழா தொடங்குவதும் சித்திரை மாதத்தில் நிலா இந்த மீனைச் சேரும் நாளில்தான். எல்லா வருடமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. சித்திரைக் கடைசியில் பௌர்ணமி வந்தால் நிலா இதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். 2024-இல் பொருந்தியது.

"ஒத்தையா நிக்குதே" என்றாள் அம்மா. ஒற்றை இல்லை. அங்கே இரண்டு விண்மீன்கள், ஒன்றையொன்று நாலே நாளில் சுற்றிவருகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றை ஒன்று இழுப்பதால் இரண்டும் உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருக்கின்றன. பெரியது நம் சூரியனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நிறை கொண்டது. மேற்பரப்பில் ஏறக்குறைய 25,000 டிகிரி வெப்பம். சூரியனில் சுமார் 5,500தான். அந்தச் சூட்டின் நிறம்தான் நாம் பார்க்கிற நீலம்.

அது துடிக்கவும் செய்கிறது. பெரிய விண்மீன் சுமார் 4 மணி 10 நிமிடத்துக்கு ஒருமுறை விம்மித் தணிவதை 1960களின் கடைசியில் ஆஸ்திரேலிய வானியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த வகை விண்மீன்களைப் பீட்டா செஃபெய் வகை என்பார்கள். எப்படித் துடிக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்ல இட்லிக் கொப்பரையைத்தான் துணைக்கு எடுத்துக்கொண்டேன். ஆவி உள்ளே தேங்கும், மூடியைத் தூக்கும், கொஞ்சம் வெளியேறும், மூடி விழும், மறுபடி தேங்கும். விண்மீனுக்குள் சுமார் 2 லட்சம் டிகிரி வெப்பமுள்ள ஓர் அடுக்கில் இருக்கும் இரும்பு அணுக்கள்தான் அந்த மூடி. அடுக்கு இறுகும்போது ஒளியை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். தேங்கிய வெப்பம் மேலே இருப்பதைத் தள்ளும், விண்மீன் விம்மும். விம்மியதும் பிடி தளர்ந்து ஒளி வெளியேறும், மறுபடி சுருங்கும்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே, 1970களின் தொடக்கத்தில், அந்தத் துடிப்பின் ஒளிமாற்றம் படிப்படியாகக் குறைந்துபோனது. பின்னாளில் விண்வெளியிலிருந்து பார்த்த தொலைநோக்கிதான் மெலிந்த துடிப்புகள் இன்னும் இருப்பதைக் காட்டியது. அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவள் நட்சத்திரத்தின் நாடி தளர்ந்திருக்கிறது. கரையில் நின்று பார்க்கிற நமக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியாது. கண் பிரித்தறிய முடியாத அளவு சின்னது. ஆனால் அது நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு. நான் அன்றைக்கு அப்படித்தான் பார்த்தேன்.

ராத்திரி தக்கலையில் சித்தி வீட்டில் தங்கினோம். மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை. பலமுறை பார்த்ததுதான், ஆனாலும் அந்தக் கறுத்த தரையில் வெறுங்காலோடு நடப்பதற்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் பாதத்தில் குளிர் ஏறும். அம்மா ஓரிடத்தில் நின்று, தரையில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தைக் கால் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சித்திரை நம்மிடமிருந்து சுமார் 250 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. முந்தின ராத்திரி அவள் கண்ணுக்குள் வந்த ஒளி, 1774 வாக்கில் அங்கிருந்து கிளம்பியது. அப்போது திருவிதாங்கூரின் தலைநகரம் இதே பத்மநாபபுரம். கார்த்திகைத் திருநாள் ராமவர்மா ஆண்டுகொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கும் டச்சுக்காரத் தளபதி டிலனாய் உயிரோடு இருந்தார்; 1777-இல்தான் இறந்தார். இதை அங்கேயே நின்று சொன்னேன். "அப்போ கெளம்புன வெளிச்சமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்தோம். வடக்கே சப்தரிஷி மண்டலத்தைச் சித்தியே கண்டுபிடித்துவிட்டாள். அதன் வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தால் செம்மஞ்சளாகச் சுவாதி. இன்னும் நீட்டினால் சித்திரை. சுவாதியையும் சித்திரையையும் மாறி மாறிப் பாருங்கள், நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்பது அப்போது பிடிபடும். நிலா ஏறி வந்தபோது அம்மா தானாகவே கையை நீட்டி அளந்தாள். நேற்று மூன்று விரல் இடைவெளி. இன்றைக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

"ஏய்யா, நிலா கீழ போயிட்டுல்லா?"

"ஒரு நாளைக்கு இவ்வளவு நகரும்மா. அதான் ஒரு நட்சத்திரம்."

சித்தி உள்ளே போய் நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். செல்போன் வெளிச்சத்தில் அம்மா அதை வாசித்தாள். 23, சித்திரை. 24, சுவாதி. ஆணியிலிருந்து தாளைக் கிழித்துத் தள்ளியே ஐம்பது வருஷம் படித்த வரிகள். நம் நாட்டில் வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவும் இந்தச் சித்திரை மீனை ராசி வட்டத்தின் 180ஆவது பாகையில் வைத்து எண்ணும் முறையைத்தான் அடிப்படையாகக் கொண்டது என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது. நாள்காட்டியில் அடுத்த நாள் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, நிலாவுக்குக் கீழே, ஒன்றும் இல்லாத கிழக்கு வானத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு விசாகத்துக்குப் போவும். எந்த எடத்துல வரும், காட்டு."

காட்டினேன்.