மாற்கு சுவிசேஷத்தை ஆழமா படிக்க ஆரம்பிச்சு 8 வாரம், எதிர்பார்த்ததும் நடந்ததும்

ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு புது நோட்டுல முதல் பக்கத்துல "இதுல இருந்து நான் எதிர்பார்க்கிறது" அப்படின்னு எழுதி கீழ நாலு விஷயம் குறிச்சு வச்சேன். பைபிள்ல ஒரு புஸ்தகத்தையாவது முழுசா, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கதையா தெரிஞ்சுக்கணும். சின்ன வயசுல இருந்து மனசுல கிடக்கிற சில கேள்விக்கு பதில் கிடைக்கணும். ஜெபத்துல சொன்ன வார்த்தையவே திரும்பத் திரும்ப சொல்ற பழக்கம் மாறணும். இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற நாலு சுவிசேஷத்தையும் ஒரு வருஷத்துல முடிக்கணும். இப்ப 8 வாரம் ஆச்சு, அந்தப் பக்கத்தை திருப்பிப் பார்த்தா எதுவுமே எழுதின மாதிரி நடக்கல, ஆனா நான் நிறுத்தப் போறதில்ல, அதனாலதான் இதை எழுதுறேன், யாராவது இப்படி ஆரம்பிக்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தா உதவும்.

ஏன் ஆரம்பிச்சேன்னா, எரேமியா 29:11. எங்களுக்கெல்லாம் சின்னப் பிள்ளையிலயே மனப்பாட வசனமா சொல்லிக் கொடுத்தது, வாழ்த்து அட்டையிலயும் காலண்டர்லயும் பார்த்தது, பரீட்சைக்குப் போறப்ப சொல்லிக்கிட்டு போனது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" அப்படின்னு வரும்ல, அதுதான். ஒரு நாள் எதுக்கோ அந்தப் பக்கத்தைத் திறந்தவன் மேல இருந்து அதிகாரம் முழுக்க வாசிச்சுட்டேன். அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் சிறைபிடிச்சு பாபிலோனுக்குக் கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எருசலேம்ல இருந்து எழுதினது. வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணி பிள்ளை பெத்துக்கோங்க, உங்களை சிறையாக்கின அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டு, 10-ஆம் வசனத்துல 70 வருஷம் கழிச்சு திரும்பக் கூட்டிட்டு வருவேன்னு சொல்றார். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த நாளைப் பார்க்கவே போறதில்ல! அவங்களுக்கு சொன்ன வாக்குத்தத்தத்தைத்தான் நான் அடுத்த வாரம் வர்ற ரிசல்ட்டுக்கு வச்சுக்கிட்டு இருந்தேன். வசனம் எனக்குத் தெரியும், புஸ்தகம் தெரியல. அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கமே வரல.

மாற்குவை எடுத்ததுக்குக் காரணம் நாலு சுவிசேஷத்துலயும் அதுதான் சின்னது, 16 அதிகாரம். முதல் வேலையா அதிகார எண், வசன எண், நடுவுல வர்ற தலைப்பு எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் எழுத்தா பெரிய இடைவெளி விட்டு பிரிண்ட் எடுத்தேன். இந்த எண்ணெல்லாம் மூலத்துல கிடையாது, அதிகாரம் பிரிச்சது 13-ஆம் நூற்றாண்டுல, புதிய ஏற்பாட்டுக்கு நாம இப்ப வச்சிருக்கிற வசன எண் ராபர்ட் எஸ்தியேன்கிற அச்சகக்காரர் 1551-ல போட்டது. எண்ணை எடுத்துட்டா கண்ணு ஓடுற விதமே மாறுது, சும்மா சொல்லல, செஞ்சு பாருங்க. 8-ஆம் அதிகாரக் கடைசியில இயேசு பேசிக்கிட்டு இருக்கிற பேச்சு 9:1 வரைக்கும் போகுது, ஆனா நான் அத்தனை வருஷமும் 8 முடிஞ்சதும் புஸ்தகத்தை மூடிட்டு எழுந்திருச்சிருக்கேன்.

முதல் சனிக்கிழமை உட்கார்ந்து முழுசா சத்தமா வாசிச்சேன், நடுவுல தண்ணி குடிச்சதையும் சேர்த்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்பத்தான் வேகம் புரிஞ்சது. "உடனே", "உடனே"ன்னு ஓடிக்கிட்டே இருக்கு. மூல மொழியான கிரேக்கத்துல இந்த வார்த்தை மாற்குல மட்டும் சுமார் 40 தடவை வருது. அப்படி ஓடுற கதை எருசலேமுக்குள்ள வந்ததும் மெதுவாகுது, 11-ல இருந்து கடைசி வரைக்கும் ஏறக்குறைய ஒரே வாரம், சிலுவை நாள் வந்ததும் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணின்னு மணிக்கணக்குல எண்ணுறார். அந்த இடத்துல என் குரல் தானா இறங்கிடுச்சு.

ரெண்டாவது, மூணாவது வாரம் ரெண்டும் வீணாப் போச்சு. ஆர்வத்துல மூணு விளக்கவுரையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வசனத்துக்கும் இவர் என்ன சொல்றார் அவர் என்ன சொல்றார்னு நோட்டுல காப்பி பண்ணிக்கிட்டே இருந்தேன், 20 பக்கம் ஆச்சு, திருப்பிப் பார்த்தா அதுல ஒரு வரி கூட நான் கவனிச்சது இல்ல. அதுக்கப்புறம் ஒரு கட்டுப்பாடு வச்சேன். ஒரு பகுதிய குறைஞ்சது அஞ்சு தடவை வாசிச்சு, என்ன இருக்குன்னு மட்டும் முதல்ல எழுதணும், யாரு, எங்க, எந்த வார்த்தை திரும்ப வருது, எங்க கேள்வி வருது. அப்புறம் அர்த்தம். அப்புறம் ரெண்டு மொழிபெயர்ப்ப ஒப்பிடணும், நான் பழைய மொழிபெயர்ப்பையும் 1995-ல வந்த திருவிவிலியத்தையும் வச்சிருக்கேன். விளக்கவுரை கடைசியிலதான். ரெண்டு மொழிபெயர்ப்பும் வேற வேற மாதிரி சொல்ற இடத்துலதான் தோண்ட வேண்டிய விஷயம் இருக்குன்னு இப்ப பழகிடுச்சு. உதாரணத்துக்கு 1:2-ல பழையதுல "தீர்க்கதரிசன ஆகமங்களில்"னு இருக்கும், திருவிவிலியத்துல எசாயாவின் நூல்னு இருக்கும். கையெழுத்துப் பிரதிகள்லயே அந்த வித்தியாசம் இருக்கு. அங்க வர்ற மேற்கோளைத் தேடிப் போனா பாதி மல்கியா 3:1, பாதி ஏசாயா 40:3. இதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு, சந்தோஷமா போச்சு.

5-ஆம் அதிகாரத்துல ரெண்டு வாரம் உட்கார்ந்துட்டேன். யவீரு வந்து என் மக சாகக் கிடக்கிறா, வாங்கன்னு கெஞ்சுறான், இயேசு கிளம்புறார், நடுவுல பெரும்பாடுள்ள ஸ்திரீ, அதாவது ரத்தப்போக்கு நிக்காத ஒருத்தி, வந்து தொடுறா, எல்லாம் நின்னுடுது. ரெண்டும் தனித்தனி கதைன்னே கேட்டு வளர்ந்தேன், தனித்தனி பிரசங்கமாத்தான் கேட்டிருக்கேன். ஒரே தாள்ல எண் இல்லாம பார்க்கிறப்ப அந்த ஸ்திரீக்கு வியாதி 12 வருஷம், இந்தப் பிள்ளைக்கு வயசு 12. இவ பிறந்த காலத்துலதான் அவ ரத்தம் போக ஆரம்பிச்சிருக்கு. ஒரு வீட்ல 12 வருஷம் சந்தோஷம், இன்னொருத்திக்கு அதே 12 வருஷம் தீட்டு, லேவியராகமம் 15 படி அவ தொட்டதெல்லாம் தீட்டு. அவளைத்தான் இயேசு "மகளே"ன்னு கூப்பிடுறார், மகளுக்காக வந்த தகப்பன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கான். அந்த நேரம் பார்த்து வீட்ல இருந்து ஆள் வந்து பிள்ளை செத்துப்போச்சுன்னு சொல்றாங்க.

நான் எப்பவும் அந்த ஸ்திரீ பக்கம் இருந்துதான் இதை வாசிச்சிருக்கேன். இந்தத் தடவை யவீரு பக்கம் நின்னு வாசிச்சேன். அந்தத் தாமதம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும். "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு"ன்னு சொல்றது எல்லாம் கைவிட்டுப் போன அந்த நிமிஷத்துலதான். என் ரெண்டாவது எதிர்பார்ப்பு இருக்கே, கேள்விக்கெல்லாம் பதில், அதுல ஒரு கேள்வி, ஏன் சிலருக்கு மட்டும் இவ்வளவு தாமதமாகுதுங்கிறதுதான். அதுக்கு இங்க பதில் கிடைச்சுதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதே கேள்வியோட ஒருத்தன் இயேசு பக்கத்துல நடந்து போறதை மாற்கு எழுதி வச்சிருக்கார், அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

6:48-ல இன்னொண்ணு. கடல் மேல நடந்து வர்றவர் "அவர்களைக் கடந்துபோகிறவர்போல்" காணப்பட்டாராம். உதவி பண்ண வந்தவர் ஏன் கடந்து போகணும்? பல வருஷமா இது எனக்கு இடிச்ச இடம். எந்த வார்த்தை பைபிள்ல எங்க வருதுன்னு காட்டுற கான்கார்டன்ஸ்ல தேடினா யோபு 9-ல தேவனைப் பத்தி சமுத்திர அலைகள் மேல நடக்கிறவர்னு வருது, அங்கேயே மூணு வசனம் தள்ளி "அவர் கடந்துபோகிறார், நான் அவரை அறியேன்". யாத்திராகமம் 33-லயும் மோசேயை கன்மலை வெடிப்புல வச்சுட்டு தேவமகிமை கடந்து போகுது. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்துல இந்த இடங்கள்ல கடந்து போறதுக்கு வர்ற அதே வினைச்சொல்தான் மாற்குலயும் இருக்கு. அதாவது அவர் விட்டுட்டுப் போகப் பார்க்கல, தான் யார்னு காட்ட வர்றார்னு எனக்குப் படுது. இதை எழுதுறப்பவே உடம்பு சிலிர்க்குது.

வரிசைப்படி இன்னும் அங்க வரல, ஆனா கஷ்டமா இருந்தது 16-ஆம் அதிகாரம். 9-ல இருந்து 20 வரைக்கும் உள்ள வசனங்கள் சினாய்ட்டிக்கஸ், வத்திக்கானஸ்ங்கிற 4-ஆம் நூற்றாண்டு பிரதிகள் ரெண்டுலயும் இல்லைன்னு ஒரு அடிக்குறிப்புல பார்த்தப்ப ஒரு ரெண்டு நாள் நோட்டையே தொடல. பயம்தான், உள்ளதைச் சொல்லணும்ல. அப்புறம் 8-ஆம் வசனத்தோட நிறுத்தி வாசிச்சுப் பார்த்தேன். கல்லறை காலியா இருக்கு, உயிர்த்தெழுந்தார்ங்கிற செய்தி சொல்லியாச்சு, பெண்கள் நடுங்கிக்கிட்டு ஓடுறாங்க, பயந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவ்வளவுதான். இப்ப யார் போய் சொல்றதுன்னு அந்த மௌனம் வாசிக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்துச்சு. எது மூல முடிவுன்னு அறிஞர்கள் பேசட்டும், ஆனா கேள்வி கேட்டா விசுவாசம் போயிடும்னு இருந்த பயம் எனக்கு அங்க குறைஞ்சது.

இப்ப 8-ஆம் அதிகாரத்துல இருக்கேன், பெத்சாயிதா குருடன், ரெண்டு தடவை கைவச்சு சொஸ்தமானவன். வேகத்தைப் பார்த்தா மாற்குக்கே இன்னும் ரெண்டு மாசம் ஆகும், நாலு சுவிசேஷம் ஒரு வருஷத்துலங்கிறதை அடிச்சுட்டேன்.

மூணாவது எதிர்பார்ப்பையும் போன வாரம் அடிச்சேன், அதைச் சொல்லணும். முதல் தடவை முழுசா வாசிச்சப்ப மாற்கு இயேசு பேசின அரமேய மொழி வார்த்தைய அப்படியே விட்டு வச்சிருக்கிற இடங்களுக்கு கோடு போட்டிருந்தேன், தலீத்தாகூமி, எப்பத்தா, அந்த மாதிரி. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேல இயேசு பண்ணின ஜெபத்துல வர்ற "அப்பா"வும் அதுல ஒண்ணு, நமக்கு மட்டும் அது மொழிபெயர்க்கவே வேண்டாத வார்த்தையா இருக்கு பாருங்க. அந்த ஜெபத்தை மட்டும் தனியா ஒரு தாள்ல எழுதி கவனிச்சுக்கிட்டு இருந்தேன், என் ஜெபத்தை எப்படி மாத்துறதுன்னு அதுல கத்துக்கலாம்னு. எழுதிக்கிட்டே வந்தா 14:39, அவர் மறுபடியும் போய் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார்னு இருக்கு. அந்த ராத்திரியில, அந்தத் துக்கத்துல, அவரே அதே வார்த்தைகளைத்தான் திரும்ப சொல்லியிருக்கார். முதல் பக்கத்துக்குப் போய் மூணாவது வரி மேல கோடு போட்டுட்டு, ரொம்ப நாளா ஒரே மாதிரி கேட்டுக்கிட்டு இருந்த அந்த ஒரு ஜெபத்தை மறுபடியும் அதே வார்த்தையில கேட்டேன்.